நெருப்புக் கோயிலை இடித்தவரின் குரல்

1. ஆயர் எழுந்து போனார்

ஆயர் ஹெட்ஃபோனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார். கையிலிருந்த தாள்களை அடுக்கி நாற்காலி மேல் வைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இந்த வசனத்த நான் பேச மாட்டேங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். டேப் ஸ்பூல் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

எங்கள் கேசட் நாடகத்தில் ஆயர், அதாவது பிஷப் வேடத்துக்குக் குரல் கொடுக்க வந்தவர் அருளப்பன். வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சர்ச்சில் வேதம் வாசிப்பவர். நாளெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருந்தும் கத்திப் பேசத் தெரியாத மனுஷன். எங்களிடம் இரண்டு மூன்று மாதா பாட்டு கேசட்டுகளில் பாடியிருந்தார். அவர் குரலை மைக்கில் கேட்டால் யாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அவரை நாடகத்துக்குக் கூப்பிட்டோம்.

அவர் பேச மறுத்த வசனம் இதுதான்: "கோயிலை இடித்தது நான்தான். அந்த நெருப்பை அணைத்ததும் நான்தான்."

2. எல்லாச் சாமிக்கும் ஒரே எக்கோ

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஸ்டுடியோ துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஒரு கன்ட்ரோல் ரூம், ஒரு ரெக்கார்டிங் ஹால், பின்கட்டில் கேசட் காப்பி எடுக்கும் மெஷின்கள். நான் அங்கே சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். எங்கள் பிழைப்பே பக்திப் பாட்டுதான். காலையில் முருகன் பாட்டு எடுத்த அதே மைக்கில் மத்தியானம் மாதா பாட்டு எடுப்போம். நோன்பு மாதத்துக்கு முன்னால் இஸ்லாமிய கீதங்கள் வரும்.

முதலாளி ரங்கராஜு அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தாத்தா காலத்தில் பருத்தி விவசாயம், அப்பா காலத்தில் மில் ஸ்பேர் பார்ட்ஸ். இவர் பாட்டுப் பைத்தியத்தில் ஸ்டுடியோ போட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"நடராசு, எந்தச் சாமி பாட்டா இருந்தாலும் நம்முளுக்கு ஒரே எக்கோதான். ஒண்ணுக்குக் கூட்டி ஒண்ணுக்குக் கொறச்சுப்போடாத."

இந்த இடத்துக்கு ஒரு டுட்டோரியல் காலேஜிலிருந்து ஆர்டர் வந்தது. தபாலில் பி.ஏ. வரலாறு படிக்கிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள். மில்லில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டும் கடையில் நின்றுகொண்டும் படிக்கிற ஆட்கள். பழைய பாரசீகப் பேரரசு பற்றிய பேப்பரில் மட்டும் எல்லாரும் தடுமாறினார்களாம். பெயர் வாயில் நுழையவில்லை, மனதில் நிற்கவில்லை. நாடகமாகக் கேசட்டில் கொடுத்தால் பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்பார்களே என்று ஒருவருக்குத் தோன்றியது.

அந்த ஒருவர் குணசீலி மேடம். ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். டுட்டோரியலில் வாரக் கடைசியில் வகுப்பு எடுப்பார். அவர் தாத்தா அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர், அப்பா மில் தொழிலாளி. சர்ச்சுக்குத் தவறாமல் போகிற குடும்பம். நாடகத்தை அவரே எழுதிக் கொண்டுவந்தார். திருத்தமான கையெழுத்து; அதைவிடத் திருத்தமான ஆள்.

3. திரைக்குப் பின்னால் ராஜா

எனக்கு அதுவரை பாரசீகம் என்றால் கம்பளம்தான். குணசீலி மேடம் ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கு முன்னாலும் எங்களை உட்கார வைத்து அன்றைய கதையைச் சொல்லிவிடுவார். எனக்கு விளங்கினால்தான் சத்தம் சரியாக வரும் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை பாரசீகத்தை ஆண்டது சாசானிய வம்சம். அரசருக்குப் பட்டமே ராஜாதிராஜா. மேற்கே ரோமோடு ஓயாத சண்டை. ஜரதுஷ்டிரர் காட்டிய வழிதான் அரசு மதம். நெருப்பு அவர்களுக்குப் புனிதம். அதை அணையாமல் காப்பது குருமார்களின் பொறுப்பு. காசில் ஒரு பக்கம் ராஜாவின் முகம் என்றால் மறுபக்கம் நெருப்பு மேடை. ராஜாவுக்குக் கீழே பெரிய பெரிய பிரபுக் குடும்பங்கள். அவர்களையும் குருமார்களையும் பகைத்துக்கொண்டு எந்த ராஜாவும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஜனங்களை நாலு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள்: குருமார், போர்வீரர், எழுத்தர், கடைசியில் உழவரும் கைத்தொழில் செய்கிறவர்களும். பிறந்த வகுப்பை விட்டு மேலே போவது லேசில் நடக்காது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பொன்னுசாமி அண்ணன் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், நீங்க சொல்றது பாரசீகமுங்களா, நம்மூருங்களா?"

"பாரசீகந்தானுங்கண்ணா. கேக்கறவங்க என்ன நெனைக்கோணுமோ நெனைச்சுக்கட்டும்."

பொன்னுசாமி அண்ணன்தான் எங்கள் ராஜா. சோமனூரில் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர். திருவிழா நாடகங்களில் ராஜா வேடம் போட்டுப் பெயர் வாங்கியவர். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் என் மீட்டர் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. மைக்கை விட்டு எட்ட நிறுத்தினேன். அப்படியும் அடங்கவில்லை.

"அண்ணா, இந்த ராஜா கத்த மாட்டாருங்க," என்றார் மேடம். "அவருக்கும் சபைக்கும் நடுவுல ஒரு திரை தொங்கும். யாரும் அவர நேராப் பாக்க முடியாது. மெதுவாப் பேசுனாப் போதும், சபையே மூச்சுப் பிடிச்சுட்டுக் கேக்கும்."

எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. ஹாலில் விரித்திருந்த பவானி ஜமுக்காளத்தை எடுத்து மைக்குக்கும் அவருக்கும் நடுவில் கொடியில் தொங்கவிட்டேன். குரலில் இருந்த கூர்மை அடங்கி, ஆழம் மட்டும் வந்தது. ஹெட்ஃபோனில் தன் குரலையே கேட்ட பொன்னுசாமி அண்ணன் அதன் பிறகு தானாகவே மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

நெருப்புக்கு மிட்டாய்க் காகிதம். கண்ணாடித்தாளை மைக் பக்கத்தில் மெல்லக் கசக்கினால் சுள்ளி எரிகிற சத்தம் வரும். கோயில் காட்சிகளில் எல்லாம் வசனத்துக்கு அடியில் அந்தச் சத்தம் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும்.

நாலாவது கேசட், யஸ்தகர்த் என்ற அரசரின் கதை. குணசீலி மேடத்துக்கு மிகவும் பிடித்த அரசர். அவருக்கு முந்தைய நூற்றாண்டில் ரோம் அரசர்கள் கிறிஸ்தவர்களாக மாறிவிட்டார்கள். அதனால் பாரசீகத்துக் கிறிஸ்தவர்கள் மேல் 'நீங்கள் ரோமுக்கு உளவாளிகள்' என்ற சந்தேகம் விழுந்தது. பல பேர் கொல்லப்பட்டார்கள். யஸ்தகர்த் பட்டத்துக்கு வந்து அதை மாற்றினார். ஆயர்கள் ஒன்றுகூடிச் சபை நடத்த அனுமதித்தார். ரோமுக்குத் தூதராக ஓர் ஆயரையே அனுப்பினார். ரோமில் அவரைப் புகழ்ந்தார்கள். சொந்த ஊர்க் குருமார்களும் பிரபுக்களும் அவருக்கு வைத்த பெயர் 'பாவி'.

அந்த ஆட்சியின் கடைசியில் ஒரு காரியம் நடந்தது. ஓர் ஊரில் ஆயர் அப்தா என்பவர் நெருப்புக் கோயில் ஒன்றை இடித்துவிட்டார். அவரே இடித்தார் என்றும், அவருடன் இருந்த பாதிரியார் ஒருவர் இடித்தார் என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்களாம். மேடம் முதல் விதத்தை எடுத்துக்கொண்டார். அரசர் ஆயரைக் கூப்பிட்டு, கோபப்படாமல், திரும்பக் கட்டிக் கொடு என்றார். ஆயர் மறுத்தார். அரசர் அவரைக் கொல்லச் சொன்னார். தேவாலயங்களை இடிக்கவும் உத்தரவு போட்டார்.

இந்தக் காட்சியில்தான் அருளப்பன் எழுந்து போனார்.

4. யார் இடித்தது

வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அங்கேயே போனோம். ரங்கராஜு அண்ணனும் ஆபீஸ் ரூமிலிருந்து வந்துவிட்டார்.

"என்னாச்சுங்க அருளப்பன்? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லங்க. நான் பீடத்துல நின்னு வேதம் வாசிக்கிறவன். அடுத்தவங்க கோயில இடிச்சேன்னு இந்த வாயால எப்படிங்க சொல்றது? எஸ்டேட் லைன் வீடுங்கள்ல எனக்கு அடுத்த வீடு மாரியம்மன் கோயில் பூசாரி முத்தையா வீடு. ஒரே சுவரு. எம்பொண்ணு பொறந்தப்ப அவரு சம்சாரந்தான் கூட நின்னுச்சு. நாளைக்கு இந்த கேசட்டு அங்க வந்து, என் குரல்ல இதக் கேட்டாங்கன்னா?"

"நாடகந்தானுங்களே," என்றார் பொன்னுசாமி அண்ணன். "நான் எத்தன தலைய வெட்டியிருக்கேன். யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலீங்க."

"உங்களக் கேக்க மாட்டாங்கண்ணே. இந்த வருஷங்கள்ல எங்க பாத்தாலும் கோயில், இடிக்கிறதுன்னே பேச்சா இருக்கு. என்னையக் கேப்பாங்க."

அவர் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ரங்கராஜு அண்ணன் மெல்ல மேடம் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேடம், அவுரு சொல்றதும் வாஸ்தவந்தானுங்க. எனக்கு எல்லாப் பக்கமும் கஸ்டமருங்க. 'கோயில் இடிஞ்சு போச்சு'ன்னு மாத்திப்போடலாமுங்களா? யாரு இடிச்சாங்கங்கறத விட்டுப்போடுவோம்."

"சார், யாரும் இடிக்காம கோயில் இடிஞ்சுருங்களா?"

மேடம் குரலை உயர்த்தவில்லை. ரங்கராஜு அண்ணனைப் பார்த்தே மேலே பேசினார்.

"எனக்கும் அது சொகமா இல்லீங்க சார். அவரு கும்பிடற அதே சாமி முன்னாலதான் நானும் மண்டி போடறேன். ஆனா முந்தின கேசட்ல எங்க ஆளுங்கள அவிங்க கொன்னத எழுதினேன். யாரு கொன்னாங்கன்னு பேரோட எழுதினேன். அங்க பேரச் சொல்லிட்டு இங்க மட்டும் தானா இடிஞ்சதுன்னு எழுதுனா, படிக்கிறவன் என்னைய நம்புவானுங்களா? இத முதமுதல்ல எழுதி வச்சதே நம்ம சபை ஆளுதானுங்க. இடிச்சது சரியில்லன்னு அவரே எழுதியிருக்காரு. கட்ட மாட்டேன்னு உறுதியா நின்னத மெச்சியும் எழுதியிருக்காரு. ரெண்டையும் எழுத அவருக்கு மனசு வந்திருக்கு."

"அருளப்பனுக்கு வரலீங்களே," என்றார் ரங்கராஜு அண்ணன்.

"அவரக் கட்டாயப்படுத்த வேண்டாமுங்க. வேற ஆள் பாக்கலாம். வசனத்த மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

சண்டை போட்டால்கூடச் சமாதானம் பண்ணிவிடலாம். இது அப்படி இல்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்தது. இரண்டு பேருமே மரியாதையாகப் பேசினார்கள்.

5. தாள் மாறியது

பொன்னுசாமி அண்ணன்தான் அந்த இறுக்கத்தை உடைத்தார். பெரிய யோசனை என்று நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. தறியை ஆள் வசம் விட்டுவிட்டு வந்த நாள் வீணாகப் போகிறதே என்ற கவலைதான்.

"இப்படிச் செய்யலாமுங்க. ஆயரு வசனத்த நான் பேசிப்போடறேன். ராஜா வசனத்த அருளப்பன் தம்பி பேசட்டும். அதுல ஒண்ணும் சங்கடமில்லீல்ல?"

மேடம் அருளப்பனைப் பார்த்தார். அவர் யோசித்துத் தலையசைத்தார். ஹாலுக்குள் போனோம். தாளை மாற்றிக்கொண்டார்கள். ஜமுக்காளத்துக்குப் பின்னால் இப்போது அருளப்பன். ஒத்திகைதானே என்று நினைத்து நான் ஸ்பூலை ஓட்டவில்லை.

பொன்னுசாமி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, திருவிழா மேடையில் அசுரன் சிரிப்பதற்கு முன்னால் பேசுவது மாதிரி, "கோயிலை இடித்தது நான்தான்!" என்று ஒரு போடு போட்டார்.

அருளப்பன் ராஜாவின் வசனத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"அந்த நெருப்பு எனக்கு முன்பே எரிந்தது. என் தந்தைக்கு முன்பே எரிந்தது. உன் மக்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்? என் குருமார்கள் என்னைப் பாவி என்கிறார்கள். உங்களுக்காகத்தான்..."

அங்கே நின்றுவிட்டார். அடுத்த வரியைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், தாளை அவர் பார்க்கவே இல்லை. திரும்பவும் அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"உங்களுக்காகத்தான் அந்தப் பெயரைச் சுமக்கிறேன். கோயிலைத் திரும்பக் கட்டிக் கொடு. வேறெதுவும் நான் கேட்கவில்லை."

ரொம்ப மெதுவாகச் சொன்னார். ஆனால் ஹால் முழுக்க அந்தக் குரல் நிறைந்திருந்தது. பொன்னுசாமி அண்ணன் பதில் வசனம் சொல்ல வேண்டும். "கட்ட மாட்டேன்" என்று மார்தட்டப் போனவர், சொல்லவில்லை. தாளைக் கீழே இறக்கிவிட்டார்.

"இப்படிக் கேட்டா எப்படிங்க மாட்டேங்கறது? எனக்கே கட்டிக் குடுத்துப்போடலாம்னு இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அருளப்பன் ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணே, நீங்க ஆயர அப்படிப் பேசக்கூடாது. அவரு வில்லன் இல்ல."

"நீங்கதானுங்க அவர வேண்டாம்னீங்க?"

"ஆமாங்க. ஆனா அவர விட்டுட்டுப் போனா இப்படித்தான் ஆயிருவாரு போலிருக்கு." மேடத்திடம் திரும்பினார். "மேடம், தான் செஞ்சது தப்புன்னு அவருக்குத் தெரியுங்களா?"

மேடம் கையை விரித்தார்.

"தெரியலீங்க. எழுதி வச்சவரு அதச் சொல்லல. தெரிஞ்ச மாதிரி நான் எழுதுனா அது பொய்."

"சரிங்க. ராஜா சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமுங்களே. அது போதும். அந்தத் தாளக் குடுங்க, நானே பேசறேன்."

இந்தத் தடவை நான் ஸ்பூலை ஓட்டினேன். கண்ணாடித்தாளைக் கசக்க குணசீலி மேடமே உட்கார்ந்தார். அருளப்பன் அந்த வசனத்தைத் தைரியமாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் நின்று உள்ளதைச் சொல்கிறவர் மாதிரி, "கோயிலை இடித்தது நான்தான்" என்றார். ஒரு மூச்சு விட்டார். "அந்த நெருப்பை அணைத்ததும் நான்தான்." சொன்ன நொடியில் மேடம் கையை எடுத்துவிட்டார். அடியில் ஓடிக்கொண்டிருந்த நெருப்புச் சத்தம் நின்றது. எழுதிய தாளில் அப்படி இல்லை. கடப்பாரைச் சத்தம், சுவர் விழுகிற சத்தம் எல்லாம் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஒன்றையும் சேர்க்கவில்லை.

பொன்னுசாமி அண்ணன் திரைக்குப் பின்னாலிருந்து, பக்கத்துத் தறிக்காரரிடம் ஒரு காரியம் கேட்பது போல, "திரும்பக் கட்டிக் கொடு" என்றார். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. "கட்ட மாட்டேன்" என்று அருளப்பன் சொன்னபோது அந்தக் குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது, உறுதியும் இருந்தது. ஒரே டேக். மறுபடி எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. மூச்சு விட்ட இடத்தை டேப்பிலிருந்து பிளேடு வைத்து வெட்டி எடுக்கவும் இல்லை.

6. காப்பி போட்ட பிறகு

ரங்கராஜு அண்ணன் கன்ட்ரோல் ரூமில் நின்றுகொண்டே முழுக் கேசட்டையும் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்த வேண்டாம் நடராசு. காப்பி போடு."

அதற்கு ஒரு விலை இருந்தது. வருஷா வருஷம் தவக்காலத்துக்கு எங்களிடம் பாட்டு எடுத்துவந்த ஒரு சர்ச் குழுவினர் இந்த நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். வேறொரு பக்கத்துக்காரர்கள் வந்து, அந்த இடித்த காட்சியை மட்டும் தனிக் கேசட்டாகப் போட்டுத் தர முடியுமா என்று ஆசையாகக் கேட்டார்கள். "முழுசாக் கேக்கறதா இருந்தா வாங்கிக்குங்க. துண்டு போட்டு விக்கறதில்லீங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார் ரங்கராஜு அண்ணன். நஷ்டத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் மேடத்திடம் வாயைத் திறக்கவில்லை.

அருளப்பன் எல்லாருக்கும் முன்னால் தனக்கொரு கேசட் கேட்டு வாங்கினார்.

"வேற யாராச்சும் சொல்லிக் கேக்கறதுக்கு முன்னால நானே மேல கொண்டு போய்ப் போட்டுக் காட்டறேங்க."

பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. சில வாரம் கழித்து ஒரு பாட்டு ரெக்கார்டிங்குக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னார். லைன் வாசலில் டேப் ரெக்கார்டரை வைத்து, பூசாரி முத்தையாவையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அந்த வசனம் வந்தபோது எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்களாம். பூசாரி மட்டும் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"முடிஞ்சதும் கேட்டாருங்க, 'ராஜா கடைசில என்னப்பா செஞ்சான்?'னு. ஆயரக் கொன்னுட்டான், சர்ச்சுங்களையெல்லாம் இடிக்கச் சொல்லிட்டான்னு சொன்னேன். பொறவு, 'அப்ப அந்த ஊர்ல ரெண்டுமே இல்லாமப் போச்சு'ன்னாரு. அப்புறம், 'நீ நல்லாத்தான் பேசியிருக்க அருளு, அந்த எடத்த இன்னொருக்காப் போடு'ன்னாரு."

"போட்டீங்களா?"

"மூணு தடவ போட்டேங்க."

அந்த வருஷம் டுட்டோரியல் மாணவர்கள் யஸ்தகர்த் பற்றிய கேள்வியை நன்றாக எழுதினார்கள் என்று மேடம் சொன்னார். மற்ற அரசர்களின் பெயரை அப்போதும் தப்பும் தவறுமாகத்தான் எழுதினார்களாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு கலைஞர் ஒரு வசனத்தைப் பேச மறுத்தால், உடனே பேனாவை எடுத்து அந்த வசனத்தைத் திருத்தாதீர்கள். ஆளையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எதிரில் நிற்கிறவருடைய வசனத்தை அவர் கையில் கொடுத்து, ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதைச் செய்திருக்கிறேன். சில பேர் அதற்குப் பிறகும் மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் எதை மாட்டேன் என்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.